தேர் எந்த முனையில் திரும்புகிறது?

சில வருடங்களுக்கு முன் ஏழாம் வகுப்புக்கு 'எங்கள் ஊர்த் திருவிழா' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். நாற்பது நோட்டிலும் கிட்டத்தட்ட ஒரே கட்டுரைதான். பஞ்சுமிட்டாய், ராட்டினம், வளையல் கடை, ராத்திரி வாணவேடிக்கை. ஒரு பெண் மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: "தேர் எங்கள் தெரு முனை வரைக்கும் வரும். அப்புறம் திரும்பிவிடும். நாங்கள் முனையில் நின்று சாமி கும்பிடுவோம்." அவள் 'திறுவிழா' என்று எழுதியிருந்ததை அடித்து 'திருவிழா' ஆக்கினேன். பத்துக்கு ஏழு போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்த மூன்று வரிக்குள் ஒரு சமூக அறிவியல் பாடமே இருந்தது. என் கண்ணில் பட்டது றகரம்தான்.

'மரபு, பண்பாடு, சமயம் வழியாகச் சமூக நீதியைக் கற்பித்தல்' என்று ஆசிரியர் பயிற்சிகளில் நீட்டி முழக்குகிறார்களே, அது என்ன என்று புதிதாகக் கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, பிள்ளையின் வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டும் பெற்றோருக்கும் சேர்த்துத்தான்.

சமூக நீதி என்றதும் நம்மூரில் முதலில் நினைவுக்கு வருவது இடஒதுக்கீடு. அது சட்டமும் அரசும் செய்கிற வேலை. வகுப்பறையில் அதைவிட அடிமட்டத்துக் கேள்விகள் இருக்கின்றன. நாலு பேர் சேர்ந்து வாழும் இடத்தில் யாருக்கு என்ன கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை, அதை யார் முடிவு செய்தார்கள், அந்த முடிவை மாற்ற யாராவது முயன்றார்களா? குடிமையியல் புத்தகத்தில் இதற்கு விடை ஒரு வரியில் இருக்கிறது: அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. பிள்ளைகள் ஒப்பிப்பார்கள், இரண்டு மதிப்பெண் வாங்குவார்கள், வீட்டுக்குப் போவார்கள். வீட்டில் இன்னொரு பாடம் நடந்துகொண்டிருக்கும். கோயில் மரியாதை யாருக்கு முதலில், கல்யாணப் பந்தியில் யார் எப்போது உட்காருவது, எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், எந்தப் பழமொழியை யாரைப் பார்த்துச் சொல்வது என்பதையெல்லாம் பாட்டியும் மாமாவும் ஊரும் சேர்ந்து சொல்லித் தருகிறார்கள். இந்தப் பாடத்துக்குத் தேர்வு கிடையாது. ஆனால் ஆயுசுக்கும் மறக்காது.

பிள்ளை சமத்துவமின்மையைக் கற்றுக்கொள்வது மரபிலிருந்துதான் என்றால், சமத்துவத்தையும் அங்கிருந்தே தொடங்கிச் சொல்லித்தரலாம் என்பதுதான் இந்த முறையின் அடிப்படை. காரணம் ரொம்ப எளிது. தேரும் கோயிலும் பாட்டும் கதையும் பிள்ளைக்கு ஏற்கெனவே சொந்தம், 17-ஆவது பிரிவு இன்னும் சொந்தமாகவில்லை.

நிலம் வாங்கும்போது நாம் என்ன செய்வோம்? மண் நல்ல மண், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று மட்டும் பார்த்துப் பணம் கொடுத்துவிட மாட்டோம். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். யார் பெயரிலிருந்து யார் பெயருக்கு மாறியது, நடுவில் யாருடைய பங்கை விட்டுவிட்டார்கள், ஏதாவது வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று பார்ப்போம். அதனால் நிலத்தின் மேல் வெறுப்பு வந்துவிடுவதில்லை. சொந்தமாக்கிக்கொள்ளப் போகிறோம் என்பதால்தான் பார்க்கிறோம். மரபைச் சொல்லித்தருவதும் அப்படித்தான் என்பது என் கட்சி.

நிமிர்ந்து பார்ப்பதும் குனிந்து பார்ப்பதும்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சுற்றுலா போகிறோம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி விமானத்தைக் காட்டுகிறோம். முதலாம் இராசராசன் கட்டியது, 1010-இல் முடிந்தது, 200 அடிக்கு மேல் உயரம், எல்லாரும் நிமிர்ந்து பாருங்கள். நிழல் தரையில் விழாது என்ற கதையையும் சேர்த்துச் சொல்வோம். (விழும். சாயங்காலம் வரை இருந்து பாருங்கள்.) அப்புறம் பேருந்தில் ஏற்றிவிடுவோம்.

நிமிர்ந்து பார்த்தது போதும், இனி குனிந்து பார்க்கலாம். கோயிலின் அடிப்பகுதி முழுக்க எழுத்து. கோயிலுக்கு 'நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லிலே வெட்டுக என்று அரசன் சொன்னது அங்கே இருக்கிறது. தன் பெயரோடு அக்காள் குந்தவை, மனைவியர், கொடுத்த மற்றவர்கள் எல்லாருடைய பெயரும் நிற்கட்டும் என்று நினைத்திருக்கிறான். கோயில் பணிக்கு வரவழைக்கப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின் பட்டியலும் இருக்கிறது. பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, எல்லாம் வரிசையாக. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சாதாரணப் பெண்களின் பெயர்கள் இவ்வளவு ஒழுங்காக வேறெங்கே கிடைக்கும்?

அதே கோயிலின் கல்வெட்டுகளில், கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கு வருகிறது. வரி போடாமல் நீக்கிய இடங்கள் எவை என்று வரிசையாகச் சொல்கிறார்கள்: ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், சுடுகாடு. அந்த வரிசையிலேயே பறைச்சேரி, கைவினைஞர்கள் குடியிருந்த கம்மாணச்சேரி. சில ஊர்களில் தீண்டாச்சேரி. எழுதியவருக்கு அது ஒரு கணக்குச் சொல், அவ்வளவுதான். அவர் யாரையும் திட்டவில்லை, சுடுகாட்டையும் சேரியையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். எனக்கு இந்த அமைதிதான் உறுத்துகிறது.

இந்த இரண்டையும் ஒரே நாளில், ஒரே கோயிலில் பிள்ளைக்குக் காட்ட வேண்டும். முதலாவதை மட்டும் காட்டினால் அது சுற்றுலா வழிகாட்டியின் வேலை. இரண்டாவதை மட்டும் காட்டினால் பிள்ளைக்குக் கோயிலும் வேண்டாம், வரலாறும் வேண்டாம் என்று ஆகிவிடும். அந்த 400 பெண்களின் கதையைக் கொஞ்சம் நீட்டினாலும் போதும். வீடும் பங்கும் கொடுத்துப் பெயரைக் கல்லில் வெட்டிய ஓர் ஏற்பாடு, நூற்றாண்டுகள் போகப்போக எப்படித் தேவதாசி முறையாக மாறியது, புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அதை எதிர்த்து ஏன் சட்டசபையில் பேச வேண்டி வந்தது, 1947-இல் சென்னை மாகாணத்தில் அதை ஒழிக்க ஏன் சட்டம் வந்தது என்று பேசலாம். 'மரபு என்றால் மாறாதது' என்ற நினைப்பு தானாக உடையும்.

உத்திரமேரூரும் இப்படித்தான். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறை, உலகுக்கே சனநாயகம் சொல்லித்தந்தது நாம்தான் என்று முடித்துவிடுவோம். கல்வெட்டையே வகுப்பில் வாசித்தால் என்ன? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35-லிருந்து 70-க்குள், வேதம் கற்றிருக்க வேண்டும். "உங்கள் வீட்டில் யார் பெயரைக் குடத்தில் போட்டிருப்பார்கள்?" என்று நான் ஒருமுறை கேட்டேன். எவர் கையும் உயரவில்லை. கணக்கு தவறியவரையும் அவர் உறவினரையும் போட்டியிடத் தகுதியற்றவர் ஆக்கிய விதி அதே கல்வெட்டில் இருக்கிறது, அதையும் சொன்னேன். அதற்கு ஒரு பையன் கைதட்டினான்.

ஒரு பாட்டும் ஒரு நந்தியும்

புறநானூற்று 183-ஆம் பாட்டு பெரும்பாலான தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். 'உற்றுழி உதவியும் உறுபொருள் கொடுத்தும்' என்று தொடங்கும், ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியது. கல்வியின் சிறப்பு என்று தலைப்புப் போட்டு நடத்துவோம். கடைசியில், வேற்றுமை தெரிந்த நாற்பாலுள்ளும் கீழ்ப்பால் ஒருவன் கற்றால் மேற்பால் ஒருவனும் அவனிடம் கற்க வருவான் என்று வருகிறது. நான் நடத்தியபோது ஒரு பையன் எழுந்து, "கீழ்ப்பால்னா யாரு சார்?" என்றான். 'அது அந்தக் காலத்துப் பிரிவுப்பா' என்று சொல்லி அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அவன் சரியான இடத்தில்தான் கை வைத்தான், கையை எடுத்துக்கொண்டு ஓடியது நான்.

இன்று கேட்டால் வேறு மாதிரி சொல்வேன். அந்தப் பாட்டு இரண்டு செய்தியைச் சேர்த்துச் சொல்கிறது. படிப்பு, பிறப்பு போட்ட வரிசையைக் கலைத்துவிடும் என்று ஓர் அரசனே ஒப்புக்கொள்கிறான். கூடவே, கலைக்க வேண்டிய ஒரு வரிசை அப்போதே இருந்தது என்றும் தெரிகிறது. 'சங்க காலத்தில் வேற்றுமையே கிடையாது' என்று மேடையில் பேசுவதற்கு இந்தப் பாட்டு உதவாது. வகுப்பறைக்குத்தான் உதவும்.

அடுத்தது நந்தனார். இந்தக் கதை இந்த முறைக்கென்றே அளவெடுத்துத் தைத்தது மாதிரி, அதனால் இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன்.

சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்று சொல்லும் இந்த நந்தனார், ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுப்பது அவர் தொண்டு. அவர் கொடுத்த தோல் உள்ளே போகும், நரம்பு உள்ளே போகும். அவர் போக முடியாது. இதை வகுப்பில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாலே போதும், பிள்ளைகள் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

வைத்தீசுவரன் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது திருப்புன்கூர். அங்கே நந்தனார் வெளியே நின்று எட்டிப் பார்க்கிறார், நந்தி மறைக்கிறது. சிவன் நந்தியை விலகச் சொல்கிறார். இன்றும் அந்தக் கோயிலில் நந்தி நேர்கோட்டிலிருந்து சற்று விலகித்தான் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். பக்தியோடு வருபவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அது நல்ல விஷயம்தான். ஆனால் வகுப்பில் ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்: கதவைத் திறந்து 'உள்ளே வா' என்று சொல்லாமல், நந்தியை மட்டும் ஏன் நகர்த்தினார்? அப்புறம் தில்லை, அதாவது சிதம்பரம். ஊர் எல்லையையே சுற்றிச்சுற்றி வருகிறார், உள்ளே போக மனம் கூசுகிறது. தீயில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவர் வடிவில் எழுந்த பிறகுதான் உள்ளே போகிறார். இறைவன் ஏற்றுக்கொண்டான், ஊரின் விதி அப்படியே இருந்தது. இதே கதையை 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி எடுத்துக்கொண்டபோது, சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பண்ணையாரைக் கொண்டுவந்தார். நந்தனுக்கு லீவு கொடுக்காத முதலாளி. ஒரே கதை, எழுநூறு வருஷ இடைவெளியில், 'தடுத்தது யார்' என்ற கேள்விக்கு வேறு விடை தருகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வரலாற்றுப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

கதவு நிஜமாகத் திறந்தது எப்போது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாடம் தீயோடு முடிந்துவிடும். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர், அதுவரை உள்ளே விடப்படாத சமூகங்களைச் சேர்ந்த சிலரை அழைத்துக்கொண்டு போனார். அவர்களில் ஒருவர் பின்னாளில் அமைச்சரான கக்கன். தீயில் இறங்கத் தேவைப்படவில்லை. நடந்து போனார்கள். பின்னாலேயே ஆலயப் பிரவேசத்துக்குப் பாதுகாப்பாகச் சட்டமும் வந்தது.

உள்ளிருந்தே எழுந்த குரல்கள்

அநியாயத்தை மட்டும் சொன்னால் பிள்ளை சோர்ந்துபோகும். அதை எதிர்த்தவர்களும் அதே மண்ணில், பல நேரம் அதே சமய மொழியில்தான் பேசினார்கள் என்று காட்டுவது இதன் மறுபாதி.

கன்னியாகுமரி, நெல்லைப் பக்கத்துப் பள்ளிகளில் மாசி 20-ஆம் தேதி அய்யா வைகுண்டர் பிறந்த நாளுக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். எதற்கு லீவு என்று கேட்டால் பாதிப் பிள்ளைகளுக்கு விடை தெரியாது. 1809-இல் பிறந்தவர், திருவிதாங்கூர் ஆட்சிக்காலம். ஒடுக்கப்பட்ட சாதி ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது என்று இருந்த ஊரில், சாமி கும்பிட வரும்போது தலைப்பாகை கட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். சாமித்தோப்பில் எல்லாரும் சேர்ந்து தண்ணீர் எடுக்க முத்திரிக் கிணறு வெட்டினார். அவர் வழிவந்தவர்களின் வழிபாட்டிடங்களான பதிகளில் கருவறையில் சிலைக்குப் பதில் கண்ணாடி இருக்கும், முன்னால் விளக்கு. கும்பிடுகிறவனுக்குத் தெரிவது தலைப்பாகையோடு நிற்கும் தன் முகம். இதற்கு மேல் நான் விளக்கினால் கெட்டுப்போகும். வகுப்பில் செய்யக்கூடியது இது: பக்கத்தில் பதியோ, நிழல் தாங்கல் என்கிற சிறிய வழிபாட்டிடமோ இருந்தால் கூட்டிக்கொண்டு போய், அந்தக் கண்ணாடியை அங்கே ஏன் வைத்தார்கள் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு அணையாமல் இன்றும் எரிகிறது. சாதி கேட்காமல் சோறு. வைக்கத்தில் 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய போராட்டம் கோயிலுக்குள் போவதற்குக்கூட அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் நடப்பதற்கு. கேரளத் தலைவர்கள் சிறைக்குப் போனதும் இங்கிருந்து பெரியார் போனார், நாகம்மையாரும் போனார். 1925 நவம்பரில் முடிந்தபோது மூன்று பக்கத் தெருக்கள்தான் திறந்தன, கிழக்குத் தெரு திறக்கவில்லை. முழுக்கத் திறக்க 1936 ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரவேண்டியிருந்தது. இந்தக் கிழக்குத் தெருவைப் பாடத்தில் விட்டுவிடாதீர்கள். வெற்றி அரையும் குறையுமாக வரும் என்று பிள்ளைகளுக்குத் தெரிவது நல்லது.

இந்து சமயத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறேனே என்று தோன்றலாம். அப்படி நடத்தினால் அது பாரபட்சம்தான். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த கத்தோலிக்கத் தேவாலயத்தைப் பாருங்கள். ஒரே பீடம், அதிலிருந்து இரண்டாகப் பிரிந்து போகும் இரண்டு கூடங்கள், கால்சட்டையை விரித்துப் போட்டது மாதிரி. ஒரு கூடம் ஒரு சாதிக்கு, இன்னொன்று மற்றவர்களுக்கு. குருவானவர் ஒருவரே, பூசையும் ஒன்றே, ஆனால் இவர்கள் முகத்தை அவர்கள் பார்க்க வேண்டியதில்லை. நடுச்சுவரை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்தார்கள். சாதி எந்தச் சமயத்தின் கட்டட வரைபடத்துக்குள்ளும் நுழைந்துவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பள்ளிக்கூடமே ஒரு பாடம்

இனி எனக்கே சங்கடமான பகுதிக்கு வருகிறேன். மரபைச் சொல்லித்தருகிற இடமே அந்த மரபின் கெட்ட பாதியைக் கடைப்பிடித்தால்?

சேரன்மாதேவியில் 1920-களின் தொடக்கத்தில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். தாய்மொழிக் கல்வி, உடலுழைப்பு, நாட்டுப்பற்று, நம் பண்பாட்டில் ஊன்றிய படிப்பு என்று இன்று மரபுக் கல்வி பேசுபவர்கள் கனவு காண்கிற எல்லாம் அங்கே இருந்தது. காங்கிரஸ் பணம் கொடுத்தது. ஆனால் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு, பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள் என்று, சாப்பாடு தனியே. விஷயம் வெளியே தெரிந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கடுமையாக எதிர்த்தார்கள். காந்தி வரைக்கும் போனது. தமிழ்நாட்டு அரசியலே அந்தச் சண்டைக்கு அப்புறம் வேறு திசையில் திரும்பியது. ஐயரைக் கெட்டவராகக் காட்டுவது என் நோக்கமில்லை, அவர் பலவிதத்தில் பெரிய மனிதர். நான் சொல்ல வருவது, அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பில் நடந்த எந்தப் பாடத்தைவிடவும் அந்தப் பந்தி நன்றாக மனதில் பதிந்திருக்கும் என்பதைத்தான்.

இன்னொரு பொருளையும் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஊரூட்டம்பலம் என்ற ஊர். 1910-களில் புலையர் சமூகத் தலைவர் அய்யங்காளி, பஞ்சமி என்ற புலையர் சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு அங்கிருந்த பள்ளிக்குப் போனார். அவள் உட்கார்ந்த பள்ளிக்கூடத்தை எதிர்ப்பாளர்கள் கொளுத்தினார்கள். அதில் எரிந்தும் எரியாமலும் மிஞ்சிய ஒரு பெஞ்சைப் பள்ளியில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பள்ளிக்கு இப்போது அய்யங்காளி, பஞ்சமி இருவர் பெயரும் இருக்கிறது. அய்யங்காளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்க மாட்டோம் என்று கூலிக்காரர்களை வேலைநிறுத்தம் செய்ய வைத்தவர் அவர்தான். இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் 1956 வரை அந்த ஊரோடு சேர்ந்தே இருந்தது, அதனால் நமக்கும் அந்தப் பெஞ்சில் பங்கு உண்டு.

நம் காலத்துக்கு வந்தால், கையில் கட்டும் வண்ணக் கயிறு. எந்த நிறம் எந்தச் சாதி என்று ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும், புதிதாக வந்த ஆசிரியருக்குத்தான் தெரியாது. 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கை இந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றை அறுத்துவிடலாம். ஆனால் அதைக் கட்டிவிட்டவர்கள் அதற்கு ஒரு வீரக்கதையும் சொல்லியிருப்பார்கள், 'நாம ஆண்ட பரம்பரை' என்று. அந்தக் கதைக்கு எதிரே வைக்க நம்மிடமும் ஒரு கதை வேண்டாமா? சுற்றறிக்கையைக் கதையாகச் சொல்ல முடியாது.

சட்டம் இடம் கொடுக்கிறதா?

கொடுக்கிறது. 28-ஆவது பிரிவின்படி, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது. ஒரு சமயத்தைப் பின்பற்றச் சொல்லித்தருவது வேறு, சமயங்களைப் பற்றிச் சொல்லித்தருவது வேறு. இரண்டாவது தவறில்லை என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நந்தனார் கதையை நடத்தலாம், முடிவில் எல்லாரையும் எழுந்து நின்று தேவாரம் பாடச் சொல்லக் கூடாது. இந்தக் கோட்டைப் புரிந்துகொள்ள ஓர் ஆசிரியருக்கு ஐந்து நிமிடம் போதும்.

சட்டத்தைவிடப் பெரிய தடை தயக்கம்தான். ஒன்பதாம் வகுப்பு சி.பி.எஸ்.இ. வரலாற்றில் தென் திருவிதாங்கூர்ப் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் பற்றி ஒரு பகுதி இருந்தது. நாடார் சமூகத்தைப் பற்றி அதில் எழுதியிருந்த விதத்துக்கு எதிர்ப்பு வந்தது. 2016-இல் அதிலிருந்து கேள்வி வராது என்றார்கள், 2019-இல் அத்தியாயமே போனது. எழுதிய விதம் தப்பென்றால் திருத்தி எழுதலாம். 1859-இல் அரச ஆணை வரும்வரை, அதுவும் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் கூடாது என்ற நிபந்தனையோடு வந்த ஆணை வரும்வரை, ரவிக்கைக்காக அடிபட்ட பெண்களின் கதை பேத்திகளுக்குத் தெரியாமல் போவதில் யாருக்கு லாபம்?

சரி, நாளைக்கே இதைத் தொடங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு, நானே தப்புச் செய்து கற்றுக்கொண்ட சிலது. எந்தப் பிள்ளையையும் அதன் சாதிக்குச் சாட்சியாக நிறுத்தக் கூடாது. 'உங்கள் பக்கத்தில் எப்படிப்பா?' என்று ஒரு பிள்ளையைப் பார்த்துக் கேட்பது, எவ்வளவு நல்லெண்ணத்தோடு கேட்டாலும், அதை நாற்பது பேர் முன்னால் தோலுரிப்பதுதான். 'உன் தாத்தாவின் பரம்பரைத் தொழில்' என்று செயல்திட்டம் கொடுக்காதீர்கள். பாதிப் பிள்ளைகள் விவசாயம் என்று பொய் எழுதும், மீதி அன்றைக்குப் பள்ளிக்கே வராது. ஆண்டு விழாவில் நந்தனார் நாடகம் போட்டால் யாருக்கு எந்த வேஷம் போகிறது என்று கவனியுங்கள். வகுப்பிலேயே கறுப்பான பையன்தான் எப்போதும் நந்தன், சிவப்பான பையன்தான் எப்போதும் சிவன். இதை நானே மூன்று வருஷம் செய்திருக்கிறேன். எதிர்ப்பக்கத்துப் பிள்ளையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது. பன்னிரண்டு வயதுப் பையன் எந்தக் கோயில் கதவையும் சாத்தவில்லை.

கேள்விகளைப் பொருளின் மேல் வையுங்கள், ஆளின் மேல் வேண்டாம். இதைக் கட்டியது யார், காசு யாருடையது, கல் சுமந்தது யார், உள்ளே போனது யார், வெளியே நின்றது யார், அதை மாற்றியது யார்? கோயிலோ, மசூதியோ, குளமோ, டீக்கடையோ, பழமொழியோ, இந்தக் கேள்விகள் எதற்கும் பொருந்தும்.

எதிர்ப்பும் இரண்டு பக்கமும் வரும். 'மறந்துபோன சாதியை வகுப்பில் ஏன் கிளறுகிறீர்கள்' என்பார்கள். கயிற்றைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிக் கேட்பதில்லை. மறுபக்கம் கேட்பது கொஞ்சம் கனமான கேள்வி: அநியாயத்தை வளர்த்ததே அந்த மரபும் மதமும்தான், அதற்குள்ளேயே ஏன் நியாயம் தேட வேண்டும், அம்பேத்கர் அதை விட்டே வெளியேறவில்லையா? வெளியேறினார். அதையும் சொல்லித்தர வேண்டும் என்பதுதான் என் பதில். 1927-இல் மகாடில் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்ததும், 1956-இல் நாக்பூரில் பௌத்தம் தழுவியதும் நம் மரபின் பகுதிதான். அந்த வெளியேற்றத்தை விட்டுவிட்டு வைகுண்டரையும் வள்ளலாரையும் மட்டும் சொன்னால், எல்லாம் உள்ளேயே சரியாகிவிட்டது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

அந்த 'திறுவிழா' எழுதிய பெண் படிப்பை முடித்துப் போய்விட்டாள். இரண்டு வருஷம் கழித்து வேறொரு ஏழாம் வகுப்புக்கு, தேர் போகும் வழியை வரைபடமாக வரைந்து வரச் சொன்னேன். கட்டுரை கேட்கவில்லை. தெருக்களின் அகலத்தையும் குறிக்கச் சொன்னேன். யாரிடமும் வாதாடப் போகவேண்டாம், அளந்து மட்டும் வாருங்கள் என்றேன். இரண்டு பையன்கள் தச்சு வேலை செய்யும் ஒருவரிடம் டேப் கடன் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தெருத் தெருவாக அளந்திருக்கிறார்கள். அந்தத் தெரு குறுகல், அதனால்தான் தேர் போவதில்லை என்று அதில் ஒருவனின் தாத்தா சொல்லியிருந்தாராம். நோட்டில் அவன் எழுதிக்கொண்டு வந்தது: தேர் போகும் தெற்குத் தெரு 16 அடி, தேர் திரும்பிவிடும் தெரு 19 அடி.

"தாத்தாகிட்ட காட்டினியாடா?" என்றேன்.

"காட்டினேன் சார். டேப்புல ஏதோ கோளாறுன்னாரு."